சின்னப் பலகைக்கு ஒரு ஓட்டு!

வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. இரண்டும் பெரியவை. இரண்டும் நல்லவை. ஒன்று பழுதானால் மற்றது அதன் வேலையை ஏற்றுக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் இரண்டையும் கம்பி போட்டு இணைத்து வைத்திருக்கிறார்கள்.

ஒரு நாள் ஒன்று நின்று போகிறது.

மற்றது என்ன செய்கிறது? வேலையை ஏற்றுக்கொள்ளவில்லை. "எனக்கு அதிகாரம் இல்லை" என்று கை கட்டி உட்கார்ந்துவிடுகிறது!

காரணம், அதற்கு ஓட்டுப் போதவில்லை.

கம்ப்யூட்டருக்கு ஓட்டா என்று சிரிக்க வேண்டாம். அங்கே எல்லாமே ஓட்டு எண்ணிக்கையில்தான் நடக்கிறது. குறைகிற அந்த ஒரு ஓட்டைப் போட, சீட்டுக்கட்டு அளவே உள்ள ஒரு சின்னக் கம்ப்யூட்டர் போதும். ஆனால் அந்தச் சின்னதை வாங்கி வருகிறவர்களில் பலர் அதற்கு ஓட்டுக் கொடுப்பது இல்லை. அதன் தலையில் மூட்டையை ஏற்றுகிறார்கள். அது தவறு.

ஒன்றுக்குள் பல

இது யார் வீட்டுக் கதை? ஜெர்மனி, அமெரிக்கா, இந்தியா என்று பல தேசங்களிலும் கம்ப்யூட்டர் தொழில் தெரிந்தவர்கள் சிலர் வீட்டிலேயே சொந்தமாகக் கம்ப்யூட்டர் கூடம் வைத்திருக்கிறார்கள். ஆபீசுகளில் கழித்துக் கட்டிய பெட்டிகளைச் சல்லிசாக வாங்கி வந்து அலமாரியில் அடுக்குகிறார்கள்.

குழந்தையின் போட்டோ, கல்யாண வீடியோ, வீட்டுப் பத்திரத்தின் நகல், வரவு செலவுக் கணக்கு எல்லாம் அதில் இருக்கும். விளக்கைப் போடவும் அணைக்கவும், வாசல் காமிராவைப் பார்க்கவும்கூட அதுதான். வெளிக் கம்பெனிக்கு மாதா மாதம் வாடகை கட்ட வேண்டியதில்லை. வீட்டு ரகசியம் வீட்டோடு இருக்கும்.

இத்தனை வேலைக்கும் தனித்தனிக் கம்ப்யூட்டர் வாங்கினால் கட்டுபடி ஆகுமா? ஆகாது. அதனால் ஒரு நிஜக் கம்ப்யூட்டருக்குள் பல மாயக் கம்ப்யூட்டர்களை உண்டாக்குகிறார்கள். ஒரு பெரிய வீட்டைத் தடுத்து ஐந்து குடித்தனம் வைப்பது போல. ஒரு குடித்தனத்தில் அடுப்பு அணைந்தால் அடுத்த குடித்தனத்தில் சோறு வேகாமல் போகாது. தொழில் தெரிந்தவர்கள் இதை "விர்ச்சுவல் மெஷின்" என்று சொல்வார்கள்.

இந்த வித்தை புதிது அல்ல. 1960-களிலேயே ஐ.பி.எம். கம்பெனிக்காரர்கள் இதைச் செய்து காட்டிவிட்டார்கள். அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் ராஜ்யத்தில் உள்ள கேம்பிரிட்ஜ் நகரில். ஒரே யந்திரத்தைப் பலர் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஆனால் ஒவ்வொருவருக்கும் முழு யந்திரமும் தன் கையில் இருப்பது போலத் தோன்றும்! 1972-ல் "வி.எம். 370" என்ற பெயரில் அதை வாடிக்கைக்காரர்களுக்குக் கொண்டுவந்தார்கள். அன்று அதற்கு ஒரு ஹால் நிறைய யந்திரம் வேண்டியிருந்தது. இன்று டிபன் பாக்ஸ் அளவுப் பெட்டி போதும்.

வீடுகளில் இதற்குப் பலர் உபயோகிப்பது "பிராக்ஸ்மாக்ஸ்" என்ற புரோகிராம். ஆஸ்திரியாவின் தலைநகரமான வியன்னாவில் உள்ள கம்பெனி 2008-ல் அதை வெளியிட்டது. காசு கொடுக்காமலே உபயோகிக்கலாம். இரண்டு பெட்டி, மூன்று பெட்டி இருந்தால் அவற்றை ஒரே குடும்பமாகச் சேர்த்து நடத்தும். அந்தக் குடும்பத்துக்குக் "கிளஸ்டர்" என்று பெயர்.

இரண்டு பேர் பஞ்சாயத்து

குடும்பம் என்றால் வழக்கும் வரும் அல்லவா?

பெட்டிகள் இரண்டும் ஓயாமல் ஒன்றுக்கு ஒன்று குரல் கொடுத்துக்கொண்டே இருக்கும். "இருக்கிறாயா?" "இருக்கிறேன்!" இப்படி. திடீரென்று ஒரு பக்கத்தில் இருந்து பதில் இல்லை. மற்றது என்ன நினைக்கும்?

கூட்டாளி செத்துப்போனானா? அல்லது நடுவில் உள்ள கம்பி அறுந்துபோயிற்றா? இந்தப் பக்கத்தில் இருப்பவனுக்கு இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும்.

செத்துவிட்டான் என்று நினைத்து அவன் வேலையையும் இவன் எடுத்துக்கொள்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் சாகவில்லை. அவனும் இதையே நினைத்து, இவன் வேலையை எடுத்துக்கொள்கிறான். அப்புறம் என்ன? ஒரே கணக்கை இரண்டு குமாஸ்தாக்கள் இரண்டு அறையில் உட்கார்ந்து எழுதுவார்கள். இதில் இருக்கும் வரவு அதில் இராது. எது நிஜக் கணக்கு என்று யார் சொல்வது?

இது கற்பனைப் பயம் என்று தள்ள முடியாது. அமெரிக்காவில் "கிட்ஹப்" என்று ஒரு கம்பெனி. உலகம் பூராவும் புரோகிராம் எழுதுகிறவர்கள் தங்கள் எழுத்தைப் போட்டு வைக்கும் இடம். 2018 அக்டோபர் 21-ந் தேதி அங்கே பழுதான ஒரு கருவியை மாற்றினார்கள். அப்போது கிழக்குக் கரையில் இருந்த கம்ப்யூட்டர் கூடத்துக்குத் தொடர்பு அறுந்தது. எவ்வளவு நேரம்? 43 வினாடி! அதற்குள் மேற்குக் கரைக் கம்ப்யூட்டர்கள் பொறுப்பை ஏற்று எழுதத் தொடங்கிவிட்டன. கிழக்கே எழுதிய கடைசிச் சில வரிகள் மேற்கே போய்ச் சேரவில்லை.

இரண்டு கரையிலும் இரண்டு கணக்கு! எல்லாம் சரியாகிப் பழைய நிலைக்கு வர 24 மணி 11 நிமிஷம் ஆயிற்று. இத்தனைக்கும் அங்கே ஓட்டு எண்ணுகிற ஏற்பாடு இருந்தது. அதற்கென்றே சம்பளம் வாங்கும் இன்ஜினீயர்களும் இருந்தார்கள். வீட்டில் யார் இருக்கிறார்கள்?

ஆகவே கிளஸ்டரை உண்டாக்கியவர்கள் ஒரு சட்டம் வைத்தார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு ஓட்டு. மொத்த ஓட்டில் பாதிக்கு மேல் எந்தப் பக்கம் இருக்கிறதோ, அந்தப் பக்கம்தான் முடிவு எடுக்கலாம். மற்ற பக்கம் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும்.

இதற்குக் "கோரம்" என்று பெயர். பார்லிமெண்டுச் செய்தி படிக்கிறவர்களுக்குத் தெரிந்த வார்த்தைதான். லோக்சபையில் பத்தில் ஒரு பங்கு மெம்பர்கள் வந்திருந்தால் கோரம் உண்டு. கம்ப்யூட்டர் சபை அதைவிடக் கண்டிப்பானது. சரிபாதி இருந்தால்கூடப் போதாது!

இப்போது கணக்குப் பாருங்கள். இரண்டு பெட்டி, இரண்டு ஓட்டு. இரண்டில் பாதிக்கு மேல் என்றால் எத்தனை? இரண்டேதான். ஒன்று போனால் மிச்சம் ஒரு ஓட்டு. கோரம் இல்லை. சபை கலைந்தது!

அப்போது, ஓடிக்கொண்டிருக்கும் மாயக் கம்ப்யூட்டர்கள் ஓடும். ஆனால் புதிதாக ஒன்றைத் தொடங்க முடியாது. நின்றதை எழுப்ப முடியாது. அமைப்பில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது.

"ஒன்று கெட்டால் மற்றது தானாக ஏற்றுக்கொள்ளட்டும்" என்று ஏற்பாடு செய்து வைத்திருந்தால் இன்னும் வேடிக்கை. கோரத்தை இழந்த பெட்டி சுமார் ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்க்கும். பிறகு தன்னைத்தானே அணைத்துக்கொண்டு மறுபடி எழும்பும். எந்தக் கோளாறும் இல்லாத நல்ல பெட்டி! மறுபக்கம் ஒருவேளை வேலையை ஏற்றிருந்தால் இரட்டைக் கணக்கு ஆகிவிடக்கூடாதே என்ற பயம் அதற்கு. எழும்பிய பிறகும் கோரம் இல்லாததால் சும்மா உட்கார்ந்திருக்கும்.

ஒரே பெட்டி வைத்திருந்தபோது, அந்த ஒன்று கெட்டால்தான் வேலை நிற்கும். பாதுகாப்புக்கு என்று இரண்டாவது பெட்டி வாங்கிய பிறகோ, எது கெட்டாலும் நிற்கும்! பணம் கொடுத்து வாங்கிய வினை.

கஷ்டம் யாருக்கு?

இதற்குக் குறுக்கு வழி உண்டு. "இனி ஒரு ஓட்டே போதும்" என்று ஒரு உத்தரவைத் தட்டிவிட்டால் மிஞ்சிய பெட்டி வேலை செய்யும். மற்ற பெட்டி நிஜமாகவே செத்துவிட்டது என்று கண்ணால் பார்த்த பிறகு, அவசரத்துக்கு அதைச் செய்யலாம். குற்றம் இல்லை. அதையே நிரந்தரச் சட்டமாக்கி வைப்பது, கூரையில் நெருப்பைச் செருகி வைப்பது போல.

ஒரு பெட்டிக்கு மட்டும் இரண்டு ஓட்டுக் கொடுத்து வைப்பவர்களும் உண்டு. இரண்டு ஓட்டு உள்ள பெட்டியே கெட்டுப்போனால்? பழைய கதைதான்.

அதோடு, அந்த உத்தரவைத் தட்டத் தெரிந்தவர் வீட்டில் ஒரே ஒருவர். அவர் ஆபீசுக்குப் போயிருப்பார். அல்லது வெளியூரில் இருப்பார். இங்கே சுவிட்சு சொன்ன பேச்சைக் கேட்காது. பாட்டிக்குப் பேரன் வீடியோ வராது. வாசலில் யார் நிற்கிறார்கள் என்று காமிரா காட்டாது. "போனை எடுத்து நான் சொல்கிறபடி தட்டு" என்று அவர் அங்கிருந்து கத்துவார். இந்தக் கிளஸ்டர் வேண்டும் என்று வீட்டில் இருப்பவர்கள் கேட்டார்களா? கேட்கவில்லை. ஆசை ஒருவருக்கு, அவஸ்தை எல்லாருக்கும்.

மூன்றாவது ஆள்

இரண்டு பேர் வழக்குக்கு மூன்றாவது ஆள் வேண்டும். அந்த ஆள் பயில்வானாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. சொன்ன இடத்தில் இருக்க வேண்டும். கேட்டால் பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அப்படி ஒரு ஆள்தான் "ராஸ்பெர்ரி பை".

இங்கிலாந்திலும் ஒரு கேம்பிரிட்ஜ் இருக்கிறது. மாயக் கம்ப்யூட்டர் பிறந்தது அமெரிக்கக் கேம்பிரிட்ஜில்; சின்னக் கம்ப்யூட்டர் பிறந்தது ஆங்கிலக் கேம்பிரிட்ஜில். எபன் அப்டன் என்பவரும் அவர் கூட்டாளிகளும் பள்ளிப் பிள்ளைகள் புரோகிராம் எழுதிப் பழகுவதற்கு மலிவாக ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று நினைத்தார்கள். பெட்டி கிடையாது, திரை கிடையாது. எல்லாம் ஒரே பலகையில். நீளம் 8½ சென்டிமீட்டர், அகலம் 5½ சென்டிமீட்டர். 2012 பிப்ரவரி 29-ந் தேதி விற்பனைக்கு வந்தது. விலை 35 டாலர். ராஸ்பெர்ரி என்பது ஒரு பழம். "பை" என்பது "பைத்தான்" என்ற கம்ப்யூட்டர் பாஷையைக் குறிக்கும்.

பிள்ளைகளுக்கு என்று செய்ததைப் பெரியவர்கள் பிடுங்கிக்கொண்டார்கள்! அது உலக வழக்கம்.

சுமை தூக்கவா?

வீட்டுக் கிளஸ்டரில் இந்தப் பலகையைச் சேர்க்கும்போதுதான் தவறு நடக்கிறது. "பெரிய பெட்டி இரண்டு இருக்கிறது. இதையும் மூன்றாவது பெட்டியாகச் சேர்ப்போம். இதிலும் நாலு மாயக் கம்ப்யூட்டரை ஓட்டுவோம்" என்று கிளம்புகிறார்கள்.

முடியாதா? முடியும். பிராக்ஸ்மாக்ஸை இந்தப் பலகையில் ஓடும்படி மாற்றிய ஆர்வக்காரர்கள் இருக்கிறார்கள். "பைமாக்ஸ்" என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் வியன்னாக் கம்பெனி தன் புரோகிராமை வெளியிட்டு வந்தது இன்டெல், ஏ.எம்.டி. வகைச் சிப்புகளுக்கு. சின்னப் பலகையில் இருப்பது "ஆர்ம்" வகைச் சிப்பு. இரண்டும் வேறு வேறு பாஷை.

தமிழில் எழுதிய பேரேட்டைத் தமிழே தெரியாத கணக்கப்பிள்ளையிடம் கொடுத்தால் என்ன ஆகும்? அதேதான் இங்கேயும். பெரிய பெட்டியில் ஓடிக்கொண்டிருக்கும் மாயக் கம்ப்யூட்டரை ஓட்டம் நிற்காமல் சின்னப் பலகைக்கு மாற்ற முடியாது. ஒன்று கெட்டால் மற்றது கை கொடுப்பதற்குத்தானே கிளஸ்டர்? கை கொடுக்க முடியாத ஆளைப் பங்காளியாகச் சேர்த்து என்ன பிரயோஜனம்?

மெமரி போதாது என்பது பழைய குறை. முதலில் வந்த பலகையில் 256 மெகாபைட்தான். 2020-ல் 8 ஜிகாபைட் வந்தது. 2025-ல் 16 ஜிகாபைட்டும் வந்துவிட்டது. மெமரி கூடியது, பாஷை மாறவில்லை.

இன்னொரு சங்கடம், அதன் ஞாபக அட்டை. சாதாரணமாக இந்தப் பலகை விரல் நகம் அளவு அட்டையில் இருந்துதான் ஓடும். கிளஸ்டரில் உள்ள பெட்டி இரவும் பகலும் எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும். ஓயாமல் எழுதினால் அந்த அட்டை தேய்ந்து உயிரை விட்டுவிடும்.

படித்துப் பழகுவதற்காகச் செய்கிறவர் தாராளமாகச் செய்யட்டும். இரண்டு மூன்று பலகையைத் தனி மேஜையில் வைத்துக்கொண்டு உடைத்துப் பார்க்கட்டும். கல்யாண வீடியோ இருக்கிற கிளஸ்டரில் வேண்டாம்.

சாட்சி வேலை

இந்தப் பலகைக்குப் பொருத்தமான வேலை சாட்சி வேலை. பிராக்ஸ்மாக்ஸில் அதற்கென்றே ஒரு ஏற்பாடு இருக்கிறது. "கியூ டிவைஸ்" என்று பெயர். பலகையில் ஒரு சின்ன புரோகிராம். பெட்டி ஒவ்வொன்றிலும் அதற்கு ஜோடியான ஒரு புரோகிராம். பிறகு ஒரே ஒரு உத்தரவு. பழகியவர்களுக்கு அரைமணி நேர வேலை.

இப்போது மொத்தம் மூன்று ஓட்டு. மூன்றில் பாதிக்கு மேல் என்றால் இரண்டு. ஒரு பெட்டி கெட்டால், மிஞ்சிய பெட்டியும் பலகையும் சேர்ந்து இரண்டு ஓட்டு. கோரம் உண்டு. வேலை நடக்கும்!

பெட்டி இரண்டும் நன்றாக இருந்து, நடுவில் உள்ள கம்பி மட்டும் அறுந்தால்? அப்போதுதான் பலகையின் மதிப்புத் தெரியும். இரண்டு பெட்டியும் அதனிடம் வந்து "எனக்கு ஓட்டுப் போடு" என்று கேட்கும். பலகை ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் போடும். ஓட்டுக் கிடைத்த பெட்டி நடத்தும். கிடைக்காதது ஒதுங்கும். இரட்டைக் கணக்குக்கு இடமே இல்லை.

சரி, பலகையே கெட்டுப்போனால்? ஒன்றும் முழுகிவிடாது. பெரிய பெட்டி இரண்டும் இரண்டு ஓட்டோடு நடத்திக்கொண்டிருக்கும். அடுத்த வாரம் சாவகாசமாக வேறு பலகை வைக்கலாம். அதில் போட்டோவும் கிடையாது, பத்திரமும் கிடையாது. திருடன் எடுத்துப்போனாலும் வீட்டுக் கணக்கு அவனுக்குத் தெரியாது.

இந்த வேலைக்குப் புதுப் பலகை வாங்கவும் வேண்டாம். டிராயரில் தூசி படிந்து கிடக்கும் பழைய பலகையே போதும். கரண்டுச் செலவும் சொற்பம். நான்காவது ரகப் பலகை சும்மா இருக்கும்போது ஏறத்தாழ 3 வாட் இழுக்கும். வருஷம் முழுவதும் எரிந்தால் 26 யூனிட். இந்த ஓட்டுக்காக 40 வாட் இழுக்கும் மூன்றாவது பெட்டியை வாங்கி வைத்தால் வருஷத்துக்கு 350 யூனிட்! ஓட்டு ஒன்றுதான், பில் வேறு.

எங்கே வைப்பது?

சாட்சியை எங்கே வைப்பது என்பதில் கவனம் வேண்டும். சில பேர் அதிகச் சிக்கனம் பார்த்து, பலகைகூட வாங்காமல், சாட்சியையும் ஒரு மாயக் கம்ப்யூட்டராக்கி இரண்டு பெட்டியில் ஒன்றுக்குள் வைத்துவிடுகிறார்கள். அந்தப் பெட்டி செத்தால் சாட்சியும் கூடவே செத்துப்போகும்! வழக்காளி வீட்டிலேயே சாட்சியைக் குடிவைக்கலாமா?

பலகைக்கு வயர் போட்டே தொடர்பு கொடுப்பது நல்லது. பெட்டிகளுக்குக் கரண்டு வரும் அதே நீட்டிப்புப் பலகையில் இதையும் செருகினால், அது புகையும்போது மூன்றும் சேர்ந்து படுத்துவிடும். இன்னொரு வசதியும் உண்டு. பெட்டி இரண்டும் ஒன்றோடு ஒன்று பேச, தாமதமே இல்லாத தொடர்பு வேண்டும். சாட்சிக்கு அது வேண்டியதில்லை. கொஞ்சம் தாமதமாகப் பதில் வந்தாலும் போதும். ஆகவே அடுத்த தெருவில் இருக்கும் அண்ணன் வீட்டில்கூடப் பலகையை வைக்கலாம்.

இத்தனையும் செய்துவிட்டு, "இனிக் கவலை இல்லை" என்று போட்டோக்களுக்கு வேறு நகல் எடுக்காமல் இருப்பவர்கள்தான் கடைசியில் அழுகிறார்கள். ஓட்டு என்பது வேலை நிற்காமல் இருப்பதற்கு. பொருள் தொலையாமல் இருப்பதற்கு அல்ல. ஒரு பெட்டியில் உள்ளதை இன்னொரு பெட்டிக்கு நகல் அனுப்பும் ஏற்பாடு பிராக்ஸ்மாக்ஸில் இருக்கிறது. வேறு நேரம் குறிக்காவிட்டால் அது 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை அனுப்பும். பெட்டி கெட்டால் கடைசிக் கால்மணி நேரத்தில் எழுதியது போனது போனதுதான். பையன் கை தவறிப் போட்டோவை அழித்தாலோ, அந்த அழிவும் ஒழுங்காக அடுத்த பெட்டிக்குப் போய்ச் சேரும்! ஆகவே தனி டிஸ்க்கில் ஒரு நகல், அதுவும் வீட்டுக்கு வெளியே ஒரு இடத்தில். இது பலகை வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை.

பிற்பாடு கையில் பணம் வந்து மூன்றாவது பெரிய பெட்டியை வாங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று பெட்டி ஆனால் சின்னப் பலகையின் சாட்சி தேவை இல்லை. தேவை இல்லாதது மட்டும் அல்ல, தொந்தரவும்கூட. ஒற்றைப்படையில் பெட்டிகள் இருந்தால் சாட்சிக்குக் கிடைப்பது ஒரு ஓட்டு அல்ல. பெட்டிகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு. அதாவது, மூன்று பெட்டி என்றால் பலகைக்கு இரண்டு ஓட்டு! மொத்தம் ஐந்து. கோரத்துக்கு மூன்று வேண்டும். பலகை கெட்டுவிட்டால் மூன்று பெட்டியும் ஒன்றுகூடக் குறையாமல் நின்றாக வேண்டும். சாட்சி முதலாளி ஆகிவிடுகிறான்.

அதனால், மூன்றாவது பெட்டியைச் சேர்ப்பதற்கு முன்பே பலகையின் ஓட்டை நீக்கிவிட வேண்டும். வியன்னாக் கம்பெனியின் விதியும் அதுதான். பெட்டியைச் சேர்த்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக்கூடாது. நீக்கிய பலகை சும்மா இருக்கும். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் அதனிடம் கொடுத்துவிடலாம்.